இடது கன்னம் டாக்டருக்கு, வலது கன்னம் அப்பாவுக்கு

மார்த்தாண்டத்திலிருந்து குலசேகரம் போகிற சாலையில் எங்கள் எண்ணெய் மில் இருக்கிறது. மில் வாசலில் ஒரு போர்டு. அந்தப் போர்டில் என் முகம். இதைச் சொல்லும்போதே எனக்குக் கொஞ்சம் தலைக்கனம் ஏறும், ஏறட்டும். மார்த்தாண்டம் மேம்பாலத்துக்குக் கீழே நகைக்கடை, துணிக்கடை போர்டுகளில் எங்கெங்கிருந்தோ வந்த நடிகைகள் சிரித்துக்கொண்டு நிற்கிறார்கள். எங்கள் போர்டில் எங்கள் வீட்டுப் பெண்ணே நிற்கிறாள். இப்போது இருப்பது இரண்டாவது போர்டு. முதல் போர்டிலிருந்து இதற்கு வந்து சேர நான் பட்ட பாட்டைத்தான் எழுதுகிறேன்.

முதல் போர்டு வைத்தபோது எனக்கு ஒன்பது வயது. ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வந்ததும் அப்பா என்னை முக்காலியில் உட்கார வைத்து, தலையில் எண்ணெய் வழிய வழியத் தேய்த்தார். அம்மா இரட்டைச் சடை பின்னினாள். அப்படியே ஸ்டுடியோவுக்குக் கூட்டிப் போய்ப் படம் பிடித்தார்கள். படத்தில் என் நெற்றி பளபளவென்று மின்னும். அதற்குக் கீழே, ‘சுத்தமான தேங்காய் எண்ணெய். தலைக்கு, சமையலுக்கு, மேனிக்கு’ என்று எழுதியிருந்தது. பள்ளிக்கூட பஸ் அந்த வழியாகத்தான் போகும். பஸ்ஸிலிருந்த பிள்ளைகள் எல்லாரும் ஜன்னல் வழியாகப் போர்டையும் என்னையும் மாறி மாறிப் பார்ப்பார்கள். நான் ஒன்றும் தெரியாதவள் போல நேராகப் பார்த்துக்கொண்டு இருப்பேன். உள்ளுக்குள் மகாராணி.

அப்பா எண்ணெயை நம்பியதுபோல வேறு எதையும் நம்பியதில்லை. கர்த்தரைத் தவிர என்று அவர் சொல்வார், எனக்கு அதிலும் சந்தேகம் உண்டு. கை சுட்டால் எண்ணெய். உதடு வெடித்தால் எண்ணெய். எறும்பு கடித்தால் எண்ணெய். அதற்காக அவரை விவரமில்லாதவர் என்று நினைத்துவிடக் கூடாது. கொப்பரை வாங்குவதில் அவரை ஏமாற்ற இந்த ஜில்லாவில் ஆள் கிடையாது. இரண்டு இடத்திலிருந்து சரக்கு வந்தால் இரண்டிலும் பத்துப் பத்துக் கொப்பரை எடுப்பார். ஒரே பாயில் நடுவே ஒரு கயிற்றைப் போட்டு, கயிற்றுக்கு இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று என்று மூன்று நாள் காயப் போடுவார். பிறகு ஒவ்வொன்றாக மில் வாசல் வெளிச்சத்துக்குத் தூக்கிப் பார்ப்பார், நகத்தால் அழுத்துவார், உடைத்துச் சத்தம் கேட்பார். சரக்கு நன்றாக இருந்தால்தான் ‘கொள்ளாம்’ என்பார். அதற்கு முன்னால் வியாபாரி பைபிளில் அடித்துச் சத்தியம் செய்தாலும் காதில் வாங்க மாட்டார்.

“ஒரே பாயி, ஒரே வெயிலு. பின்ன பேசுவோம்” என்பார். அவ்வளவுதான்.

பதினாறு வயதில் எனக்குப் பரு வந்தது. எங்கள் பக்கத்தில் முகக்குரு என்போம். முதலில் நெற்றியில், முடி தொடங்குகிற இடத்தில் கோடு போட்ட மாதிரி வரிசையாகப் பொடிப் பொடியாக வந்தது. அப்புறம் கன்னத்தில் இறங்கிப் பெரிதாகி, சிவந்து, தொட்டால் வலித்தது. ஆளாளுக்கு ஒரு காரணம் சொன்னார்கள். ஏத்தங்காய் சிப்ஸ் தின்றதால் என்றாள் அம்மா. பலாப்பழச் சூடு என்றார்கள் பக்கத்து வீட்டில். ரத்தத்தில் அழுக்கு என்றார் வேதபாடம் நடத்துகிறவர். வயசுக் கோளாறு, கல்யாணம் ஆனால் போய்விடும் என்றாள் அப்பாவின் தங்கை, என் மாமி. பதினாறு வயதில் பருவுக்காகக் கல்யாணமா என்று நான் கேட்டேன். வாய் நீளம் என்று எனக்குப் பெயர் வந்தது.

அப்பா காரணம் ஒன்றும் தேடவில்லை. அவரிடம் மருந்து தயாராக இருந்தது.

“கண்ட கடையெண்ணெ தேய்க்கவனுக்குத்தான் குரு வரும். நமக்க எண்ணெய ரெண்டு நேரமும் போடு பிள்ளே. குரு இருந்த எடம் தெரியாது” என்றார்.

காலையில் ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை, அன்றைக்கு ஆட்டிய எண்ணெய் சின்னக் கிண்ணத்தில் வீட்டுக்கு வரும். அம்மா என் முகத்தில் தேய்த்துவிடுவாள். நானும் முழு மனதோடு நம்பினேன். எண்ணெய் போட்டதும் சிவப்பு கொஞ்சம் அமுங்கி, முகம் மினுங்கும். கண்ணாடியில் பார்த்தால் குறைந்த மாதிரி இருக்கும். மறுநாள் காலையில் இன்னும் நாலு முளைத்திருக்கும். நாலு முளைத்தால் எண்ணெயைக் கூட்டுவோம். இப்படியே ஒன்றரை வருஷம் ஓடியது. எண்ணெய் மில்காரர் வீட்டில் பிறந்தவர்கள்தான் இந்தத் தவறைச் செய்ய முடியும். மற்ற வீடுகளில் எண்ணெய் தீர்ந்தாவது போயிருக்கும்.

நடுவில் மாமி ஒரு கிரீம் கொண்டுவந்தாள். மாமா கல்ஃபிலிருந்து அனுப்பியது, அவர்கள் வீட்டில் எல்லாருமே பூசுவார்கள். பத்தே நாளில் என் முகம் வெளுத்து, பருவெல்லாம் அமுங்கிப் பளிங்கு மாதிரி ஆனது. நான் வெறும் மகாராணி இல்லை, சக்கரவர்த்தினி. டப்பா தீர்ந்து நாலாம் நாள் முகம் மொத்தமும் பொங்கிவிட்டது. அதுவரை வந்த பருவெல்லாம் சும்மா என்று ஆகிவிட்டது. ‘நம்ம எண்ணெய விட்டுட்டுக் கண்டதைப் பூசினா இப்படித்தான்’ என்று அப்பா மறுபடி கிண்ணத்தை அனுப்ப ஆரம்பித்தார்.

அந்த வருஷ அறுப்பின் பண்டிகையில்தான் என் மானம் போனது. எங்கள் சபையில் அவரவர் வீட்டு விளைச்சலைக் கோயிலுக்குக் கொண்டுவந்து படைப்பார்கள். வாழைக்குலை, மரச்சீனிக் கிழங்கு, பூசணி, கோழி எல்லாம் வரும். ஆராதனை முடிந்ததும் முற்றத்தில் ஏலம். அப்பா வருஷா வருஷம் முதல் ஈடாக ஆட்டிய எண்ணெய் ஒரு டின் படைப்பார். நான்தான் அதைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நிற்பேன். அந்த வருஷமும் நின்றேன். ஏலம் போடுகிறவர் நல்ல மனிதர்தான், சிரிக்க வைத்தே விலையை ஏற்றிவிடுவார். அன்றைக்கு அவருக்கு நான் கிடைத்தேன்.

“இந்த எண்ணெயத்தானா பிள்ளே மொகத்துல தேய்க்கே?” என்று மைக்கில் கேட்டார். “போர்டுல நிக்க பிள்ள எங்க? அவள வரச் சொல்லு.”

முற்றம் முழுக்கச் சிரித்தது. நானும் சிரித்த மாதிரி பல்லைக் காட்டினேன். அப்பா மட்டும் சிரிக்கவில்லை. வேட்டி மடிப்பைப் பிடித்துக்கொண்டு தரையைப் பார்த்தார். என்னைக் கேலி செய்ததை நான் தாங்கியிருப்பேன், பழகிப்போன விஷயம். அப்பாவின் எண்ணெயைப் பார்த்து ஊர் கூடி நின்று சிரித்தது எனக்குப் பொறுக்கவில்லை. அதுவும் என் முகத்தை வைத்துக்கொண்டு சிரித்தார்கள். வீட்டுக்கு வந்து பாவாடை தாவணியை மாற்றக்கூட இல்லை, அம்மாவிடம் சொல்லிவிட்டேன். “நாளைக்கு நாகர்கோவிலுக்குப் போறோம். தோல் டாக்டர்கிட்ட.”

அப்பாவிடம் துணி எடுக்கப் போகிறோம் என்று சொன்னாள் அம்மா. நான் அப்போதுதான் கல்லூரியில் வேதியியல் சேர்ந்திருந்தேன், அதனால் அவர் நம்பினார்.

டாக்டர் முப்பத்தைந்து வயது இருக்கும் ஒரு பெண்மணி. என் முகத்தைப் பார்ப்பதற்கு முன்னால் ஒரு டிஷ்யூ தாளை எடுத்து என் நெற்றியில் ஒற்றினார். விளக்குக்கு நேராகப் பிடித்தார். தாளின் அந்தப் பக்கம் தெரிந்தது.

“வீட்டுல என்ன தொழில்?” என்றார்.

“எண்ணெ மில்லு” என்றேன். எந்த நிலைமையிலும் அதைச் சொல்லும்போது என் குரல் தானாக உயரும். டாக்டருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நல்ல சிரிப்பு.

பிறகு கால் மணி நேரம் எனக்குப் பாடம் நடத்தினார். இந்த வயதில் உடம்பில் ஹார்மோன் மாறும்போது தோலுக்குள் இருக்கிற எண்ணெய்ச் சுரப்பிகள் கூடுதலாகச் சுரக்கும். தோலில் செத்துப்போன செல்கள் அந்தத் துவாரத்தின் வாயை அடைக்கும். அடைத்த இடத்துக்குள் கிருமி பெருகும், வீங்கும், சிவக்கும். அதுதான் பரு. அழுக்கு இல்லை, ரத்தத்தில் கோளாறு இல்லை, ஏத்தங்காய் சிப்ஸ் தின்ற பாவமும் இல்லை. இந்த நிலைமையில் வெளியிலிருந்தும் எண்ணெயை ஊற்றினால் அடைப்பு கூடும். தலையில் வைக்கிற எண்ணெய் நெற்றிக்கு இறங்குவதால்தான் முடியோரமாகக் கோடு போட்ட மாதிரி வருகிறது. மாமியின் கிரீமில் ஸ்டீராய்டு இருந்திருக்கும். போடுகிறவரை அமுங்கும், நிறுத்தினால் பொங்கும்.

எனக்கு மில் வடிகட்டித் துணி கண்ணில் தெரிந்தது. துணியில் கசடு படிந்து கண் அடைந்துவிட்டால் எண்ணெய் பக்கவாட்டில் பொங்கி வழியும். அடைத்த துணிமேல் இன்னும் எண்ணெயை யாராவது ஊற்றுவார்களா. நாங்கள் ஒன்றரை வருஷமாக ஊற்றினோம். ஒரு மில்காரர் மகளுக்கு இது தோன்றவில்லையே என்று என்மேலேயே எரிச்சலாக வந்தது. அதே சமயம், காரணம் புரிந்துவிட்ட சந்தோஷத்தில் எழுந்து குதிக்கவேண்டும் போலவும் இருந்தது.

“நம்ம எண்ணெயில குத்தம்னு சொல்லுதீங்களா?” என்று கேட்டாள் அம்மா. அவளுக்கு அப்பாவின் முகம் ஞாபகம் வந்திருக்கும்.

“எண்ணெயில குத்தமே இல்லம்மா. எடம்தான் தப்பு. எங்க வீட்டுலயும் சமையலுக்குத் தேங்காய் எண்ணெதான்” என்றார் டாக்டர்.

இரண்டு ட்யூப் எழுதிக்கொடுத்தார். ஒன்று காலையில், ஒன்று இரவில் பயறு அளவு எடுத்து முகம் முழுக்கப் பூச வேண்டும். முகத்துக்கு எண்ணெய் கூடாது. தலைக்கு சனிக்கிழமை மட்டும், குளிப்பதற்கு ஒரு மணி நேரம் முன்னால். கிள்ளக் கூடாது. ஐந்து தடவை சோப்புப் போடக் கூடாது. முதல் இரண்டு மூன்று வாரம் கூடுதலாகத் தெரியும், பயந்து நிறுத்தக் கூடாது. பலன் தெரிய மூன்று மாதம் ஆகும்.

துணி வாங்கப் போன கதையை நாலு நாள் நீட்டியிருக்கலாம். எனக்குப் பொய் சொல்லத் தெரியாது, அதாவது சொல்லும் பொறுமை கிடையாது. அன்று சாயங்காலம் கிண்ணம் வந்ததும் நான் தள்ளி வைத்துவிட்டேன். “வேண்டாம்ப்பா. டாக்டர் போடாண்டாம்னு சொல்லிட்டாவ.”

அப்பா கிண்ணத்தை எடுத்து மூடி வைத்தார். பிறகு கேட்டார், “எந்த டாக்டர்?”

சொன்னேன்.

“ஊசி போடுதவளுக்கு எண்ணெயப் பத்தி என்னத்த தெரியும்? எனக்க அப்பன் காலத்துலருந்து இந்த எண்ணெய மேலுக்குத் தேய்ச்சுத்தான் ஊருல பிள்ளைய வளந்துருக்கு. கோயில் முற்றத்துல அவன் கேட்டது போதாதுன்னு நீயும் கேக்கியா?”

அந்தக் கடைசிக் கேள்வி எனக்குச் சுட்டது. அவர் கோபத்தில் கேட்கவில்லை, நொந்துபோய்க் கேட்டார். நான் அன்றைக்கே அந்தக் கிண்ணத்தைக் கொல்லையில் கொட்டிவிட்டு, போட்டேன் என்று சொல்லியிருக்கலாம். பல வீடுகளில் அப்படித்தான் நடக்கும். ஆனால் அவருக்குத் தெரியாமல் என் முகம் சரியானால் அது எண்ணெயால் சரியானது என்று அவர் இன்னும் நாலு பிள்ளைகளுக்குச் சொல்வார். அதைவிட, அவரை முட்டாளாக்கி வைத்துக்கொண்டு நான் அழகாவதில் எனக்கு இஷ்டமில்லை.

“ஒரே பாயி, ஒரே வெயிலு” என்றேன்.

“என்னது?”

“எனக்க மொகத்த பாயின்னு வச்சுக்க. மூக்குதான் கயிறு. எடது பக்கம் டாக்டர் சொன்னபடி. வலது பக்கம் நீ சொன்னபடி. கிறிஸ்மஸ் வரைக்கும். அதுக்குள்ள நீயும் பேசாண்டாம், நானும் பேசல்ல.”

அம்மா தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். அப்பா என்னையே பார்த்தார். வேறு யாராவது இதைச் சொல்லியிருந்தால் போடா என்று விரட்டியிருப்பார். ஆனால் அது அவருடைய முறை. அவரால் அதை மறுக்க முடியவில்லை.

“கொள்ளாம். செய்யி” என்றார்.

அப்படித்தான் தொடங்கியது. இடது கன்னம் டாக்டருக்கு, வலது கன்னம் அப்பாவுக்கு. தலைக்கு மட்டும் இரண்டு பக்கமும் சனிக்கிழமை எண்ணெய் என்று பேசி முடித்தோம். அம்மா தலையணைக்கு இரண்டு உறை தைத்தாள், எண்ணெய்ப் பக்கம் ஒன்று, மருந்துப் பக்கம் ஒன்று. காலையில் பூசுகிற ட்யூப் பட்ட துணியெல்லாம் வெளுத்துப் போனது. அம்மாவின் சிவப்புத் துண்டில் வெள்ளை வெள்ளையாகத் திட்டு விழுந்தது. மாமா கல்ஃபிலிருந்து அனுப்பிய துண்டு அது. ‘துண்டையே வெளுக்குது, மொகத்த என்ன செய்யும்’ என்று அம்மா முணுமுணுத்தாள். ஆனால் ஒரு நாள்கூட எனக்கு உறை மாற்ற மறக்கவில்லை.

இரண்டாம் வாரம் நான் அழுதேன். மருந்துப் பக்கம் தோல் உரிந்து, எரிந்து, புதிதாக ஏழெட்டு எழும்பியது. எண்ணெய்ப் பக்கம் வழக்கம்போல மினுங்கியது. கல்லூரியில் ஒருத்தி என்னிடம், ‘ஒனக்கு ஒரு பக்கம் வெயில் பட்டிச்சா’ என்று கேட்டாள். அப்பா ஒப்பந்தப்படி ஒன்றும் பேசவில்லை. ஆனால் சாப்பிடும்போது என் இடது பக்கமாக வந்து உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருப்பார். அந்தப் பார்வைக்கு அவர் பேசியே தொலைத்திருக்கலாம்.

டாக்டரிடம் மறுபடி போனேன். நடந்ததைச் சொன்னதும் அவர் சிரிக்கவில்லை, நன்றாகத் திட்டினார். “படிக்கிற பொண்ணுதானே நீ? மொகத்த வச்சா வெளையாடுவே? அந்தப் பக்கம் குழி விழுந்தா யாரு பொறுப்பு?” என்றார். மருந்தைக் கொஞ்ச நாள் ஒருநாள் விட்டு ஒருநாள் பூசச் சொல்லி, காய்ந்த தோலுக்கு எண்ணெய்ப் பசை இல்லாத ஒரு கிரீமும் எழுதிக்கொடுத்தார். வலது பக்கத்துக்கும் இன்றைக்கே மருந்தைத் தொடங்கு என்றார். நான் தலையை ஆட்டிவிட்டு வந்தேன். தொடங்கவில்லை. சொன்ன சொல் என்று ஒன்று இருக்கிறதே. அப்பாவின் மகள்தானே நான். அந்தப் பிடிவாதத்துக்கு இப்போதும் எனக்கு வருத்தமில்லை, ஆனால் இதைப் படிக்கிற பிள்ளைகள் யாரும் என்னைப் பார்த்துச் செய்ய வேண்டாம், டாக்டர் சொன்னதுதான் சரி.

ஆறு வாரத்தில் இடது பக்கம் புதிதாக வருவது நின்றது. எட்டு, ஒன்பது வாரத்தில் சிவப்பு அடங்கியது. விரலால் தடவினால் நெற்றியில் அந்த மணல் போன்ற நறநறப்பு இல்லை. வலது பக்கம் மூன்று பெரிய பருக்கள் சேர்ந்து கட்டியாகி, வலி தாங்காமல் ஒரு நாள் நானே கிள்ளிவிட்டேன். ஒரு தடவை கிள்ளிய கை சும்மா இருக்குமா. மறுபடியும் கிள்ளினேன்.

கிறிஸ்மஸுக்கு ஒரு வாரம் இருந்தது. காலை பத்து மணி இருக்கும், மில் ஓடிக்கொண்டிருந்தது. அப்பா ஆள் அனுப்பி என்னைக் கூப்பிட்டார். போனேன். எண்ணெய் ஆட்டுகிற எக்ஸ்பெல்லரை நிறுத்தச் சொன்னார். வேலையாட்கள் நாலு பேரும் கொப்பரைச் சாக்குகளுக்குப் பக்கத்தில் நின்றார்கள். அப்பா என் தாடையைப் பிடித்து மில் வாசல் வெளிச்சத்துக்குத் திருப்பினார். இடது பக்கம் பார்த்தார். வலது பக்கம் பார்த்தார். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார். சுண்டுவிரலால் இடது கன்னத்தை மெதுவாக அழுத்தினார். வலது பக்கம் கொண்டுபோன விரலைத் தொடாமலே எடுத்துவிட்டார். பத்து டன் சரக்கைக்கூட அவர் அவ்வளவு நேரம் பார்த்து நான் கண்டதில்லை.

“எடது சரக்குதான் கொள்ளாம்” என்றார்.

வேலையாட்கள் யாரும் சிரிக்கவில்லை. அப்பா தன் கையைப் பார்த்தார். பிறகு குழாயடிக்குப் போய் சோப்புப் போட்டுக் கழுவினார். முதுகைக் காட்டிக்கொண்டே கேட்டார், “அப்போ எனக்க எண்ணெயில குத்தமா பிள்ளே?”

“எண்ணெயில குத்தமில்லப்பா. நம்ம எண்ணெய அடிக்க ஆளில்ல. போட்ட எடம்தான் தப்பு.”

“ம்” என்றார். “மிசின ஓடவிடு” என்று ஆட்களிடம் சொன்னார்.

அன்றைய சாயங்காலம் கிண்ணம் வரவில்லை. எனக்கு நான் ஜெயித்த மாதிரியே இல்லை. அவர் ஜெயித்த மாதிரித்தான் இருந்தது. எத்தனையோ பெரிய மனிதர்களைப் பார்த்துவிட்டேன், கண்ணால் கண்ட பிறகும் தான் பிடித்த பிடியை விடமாட்டார்கள். என் அப்பா நாலு பேர் முன்னால் மெஷினை நிறுத்திவிட்டு அந்தப் பிடியை விட்டார். அவருக்குப் பிறந்ததில் எனக்குத் திமிர் இல்லாமல் வேறென்ன இருக்கும்.

அடுத்த தடவை டாக்டரிடம் அவரே என்னைக் கூட்டிப் போனார். ஒரு பாட்டில் எண்ணெயும் எடுத்துக்கொண்டார். டாக்டர் மேசையில் அதை வைத்துவிட்டு, “சமையலுக்கு” என்றார். நாற்காலியின் நுனியில் உட்கார்ந்துகொண்டு, என் வலது கன்னத்தைக் காட்டி, “அந்தக் குழி மாறுமா?” என்று கேட்டார்.

“குரு மாறும் சார். குழி கொறையும். முழுசாப் போவாது” என்றார் டாக்டர்.

திரும்பி வருகிற பஸ்ஸில் அப்பா எனக்கு வலது பக்கம் உட்கார்ந்தார். தக்கலை தாண்டியதும், “நீயாவது சொல்லப்பிடாதா, நடுவுல நிறுத்தணும்னு” என்றார். “நீ விட்டுருக்க மாட்டியே” என்றேன். “அதும் சரிதான்” என்றார். பிறகு மார்த்தாண்டம் வரைக்கும் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தார்.

ஆறேழு மாதத்தில் பரு அடங்கியது. இப்போதும் மாதத்துக்கு ஒன்றிரண்டு எட்டிப் பார்க்கும், பயறு அளவு மருந்தோடு முடிந்துவிடும். வலது கன்னத்தில் ஐந்து குழி நின்றுபோனது. எண்ணிப் பார்த்திருக்கிறேன். பவுடர் போட்டு அதை மூடியதே இல்லை. யாராவது கேட்டால் கதையைச் சொல்லுவேன், கேட்காவிட்டாலும் சொல்லுவேன்.

படித்து முடித்து வேறு எங்கும் போகாமல் மில்லுக்கே வந்தேன். வடிகட்டித் துணி மாற்றுவதிலிருந்து பாட்டில் அடைப்பது வரை இப்போது என் பொறுப்புதான். போன வருஷம் காற்றில் பழைய போர்டு கிழிந்துபோனது. அந்த ஒன்பது வயதுப் பிள்ளை நெற்றியோடு இரண்டாகத் தொங்கினாள். புதுப் போர்டில் என் படம் வேண்டாம், ஒரு தேங்காயைப் போடுவோம் என்று நான்தான் சொன்னேன். “தேங்கா எல்லாவனும் போடுவான்” என்று அப்பா மறுத்துவிட்டார். என்னைப் படம் பிடிக்க வைத்து, மார்த்தாண்டத்தில் ஃப்ளெக்ஸ் அடிக்கிற கடைக்குக் கூடவே வந்தார்.

கம்ப்யூட்டரில் ஒரு பெண் உட்கார்ந்து வேலை செய்துகொண்டிருந்தாள். இருபத்திரண்டு வயது இருக்கும், முகத்தில் பவுடர் அப்பியிருந்தாள். பழைய எழுத்துகளையே அடித்துக் காட்டினாள். ‘தலைக்கு, சமையலுக்கு, மேனிக்கு.’

“மேனிக்குன்னு உள்ளத எடுத்துரு மக்களே” என்றார் அப்பா. ஒரே ஒரு பிள்ளையையும் எங்கள் பக்கத்தில் மக்களே என்றுதான் கூப்பிடுவோம்.

எடுத்தாள். பிறகு என் படத்தைப் பெரிதாக்கி, வலது கன்னத்தின் மேல் எதையோ இரண்டு தடவை இழுத்தாள். ஐந்து குழியும் காணாமல் போனது. வழவழவென்று ஒரு கன்னம். சத்தியமாகச் சொல்கிறேன், எனக்கு ஒரு நிமிஷம் பிடித்துத்தான் இருந்தது.

“அத எதுக்கு அழிச்சே?” என்றார் அப்பா.

“எல்லாரும் அழிக்கத்தான் சொல்லுவாவ மாமா. நீட்டா இருக்கும்லா.”

“திரும்ப வையி.”

அவள் என்னைப் பார்த்தாள். நான் அப்பாவைப் பார்த்தேன். அவர் திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

“எடது பக்கம் அவ ஜெயிச்சது. வலது பக்கம் எனக்காவ விட்டுக் குடுத்தது. அத அழிச்சா பின்ன அது எனக்க மொவ இல்ல” என்றார்.

எனக்குக் கண் நிறைந்துவிட்டது. கல்யாணப் பத்திரிகைக்கும் பிறந்தநாள் பேனருக்கும் காத்திருந்த ஆட்களுக்கு நடுவில் நின்று வெட்கமில்லாமல் அழுதேன். பஸ்ஸில் ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்த அந்த மனிதர் இத்தனை வருஷமாக அந்த ஐந்து குழியையும் சுமந்துகொண்டுதான் இருந்திருக்கிறார் என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

அந்தப் பெண் ஒவ்வொரு குழியாகத் திரும்பக் கொண்டுவந்தாள். முடித்ததும் தன் கன்னத்தைப் புறங்கையால் மறைத்துக்கொண்டு, மற்றவர்களுக்குக் கேட்காத குரலில் என்னிடம் கேட்டாள். “அக்கா, குரு எப்படி மாறிச்சு? நானும் என்னெல்லாமோ பூசிட்டேன்.”

நான் கண்ணைத் துடைத்துக்கொண்டு வாயைத் திறப்பதற்குள் அப்பா முந்திக்கொண்டார். கடை முழுக்கக் கேட்கிற மாதிரி, கோயில் முற்றத்து மைக்கே தேவையில்லாத குரலில் சொன்னார்.

“முதல்ல மொகத்துல எண்ணெ தேய்க்கத நிறுத்து மக்களே. ஒரு நல்ல தோல் டாக்டரப் போய்ப் பாரு. நான் சொல்லுகது ஒனக்கு மனசிலாச்சா? எண்ணெ மில்லுக்காரனாக்கும் சொல்லுகேன்.”